ஒரே ஒரு படத்தை நம்பிப் படிகத்தைக் கைவிடலாமா?

இந்த முறை கடிதம் எழுதியிருப்பவர் சென்னையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒரு வாசகி. அவர் கேட்டுக்கொண்டபடி பெயர், பல்கலைக்கழகம், புரதத்தின் பெயர் மூன்றையும் விட்டுவிட்டேன். கடிதம் ஆறு பக்கம். சுருக்கம் இது:

ஆய்வில் சேர்ந்து மூன்றே கால் வருடம் ஆகிறது. எடுத்துக்கொண்டிருப்பது 34 கிலோடால்டன் எடையுள்ள ஒரு பாக்டீரியா நொதி. அதைப் படிகமாக்கி, எக்ஸ்ரே பாய்ச்சி, அதன் அமைப்பைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. லேபில் இருந்த சீனியர் அக்கா ஒருவர் அதை க்ளோன் செய்து, சுத்திகரித்து, 96 குழி ஸ்கிரீன்கள் (எந்தக் கரைசலில் படிகம் வருகிறது என்று தேடும் தட்டுகள்) நான்கு போட்டுவிட்டு, பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த 384 கரைசல்களில் ஒன்றில் மட்டும் மெல்லிய தகடுகள் முளைத்தன: பெக் (பாலிஎத்திலீன் கிளைகால்) 3350 25%, அம்மோனியம் அசிடேட் 0.2 மோலார், பிஸ்-டிரிஸ் 0.1 மோலார், பி.ஹெச். 6.5. நம் வாசகி அதில் ஒரு தகட்டை, உறையும்போது தண்ணீர் பனிக்கட்டியாகாமல் இருக்க 20% கிளிசராலில் முக்கி, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, துறையின் எக்ஸ்ரே கருவியில் ஒரு படம் எடுத்தார். புள்ளிகள் 7 ஆங்ஸ்ட்ராமோடு நின்றுவிட்டன (இந்த எண் குறையக் குறையத்தான் அமைப்பு நுட்பமாகத் தெரியும்). வெளிப்புறத்தில் பனி வளையங்கள். படத்தைப் பார்த்த கைடு, "இது வேலைக்கு ஆகாது, வேறு புரதம் எடு" என்று சொல்லிவிட்டாராம். வாசகி தானே சுத்திகரித்த அடுத்த பேட்ச்சில் படிகமே வரவில்லை. பழைய ட்ரேயில் இன்னும் ஐந்து தகடுகள் மிச்சம்.

கேள்விகள் மூன்று. புரதத்தை மாற்றிவிடலாமா? இந்தப் படிகத்தையே சிங்க்ரோட்ரானுக்கு (மிக வலுவான எக்ஸ்ரே தரும் பெரிய கருவி) அனுப்பினால் சரியாகுமா? இல்லை, பெரிய படிகம் வளர்க்க வேண்டுமா? கடைசியில் ஒரு வரி: "ராமச்சந்திரன் வேலை பார்த்த ஊரில் இருந்துகொண்டு ஒரு படிகத்தைக்கூட ஒழுங்காக எடுக்கத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருக்கிறது."

அன்புள்ள வாசகிக்கு,

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஜி.என். ராமச்சந்திரன் சென்னையில் பெயர் பெற்றது கொலாஜன் நாரையும், புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்கலாம் என்று காட்டும், 1963-ல் வந்த அந்த வரைபடத்தின் கணக்கையும் வைத்துத்தான். சொட்டுக்குள் புரதப் படிகம் வளர்த்து அல்ல. ஆகவே அந்த வெட்கம் வேண்டாம்.

அப்புறம், நீங்கள் அனுப்பிய படம். அதைத் தோல்வியின் சான்றாக அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கு அதில் நல்ல செய்திதான் முதலில் தெரிந்தது. நடுவில் நெருக்கமாக, வரிசை வரிசையாகப் புள்ளிகள் நிற்கின்றன. உப்புப் படிகமாக இருந்தால் அங்கே ஒன்றுமே இருக்காது. தூரத்தில் நாலைந்து முரட்டுப் புள்ளிகள் மட்டும் இருக்கும். பாஸ்பேட்டும் கால்சியமும் சேர்ந்த குழியில் வந்த உப்பைப் புரதம் என்று நம்பி மாதக்கணக்கில் வளர்த்தவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் நீங்கள் இல்லை. உங்களிடம் இருப்பது புரதப் படிகம்.

எந்தப் புரதம் என்பதுதான் இன்னும் தெரியவில்லை. பாக்டீரியா செல்லை உடைக்க லைசோசைம் என்ற நொதியைப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஒற்றைப் பட்டை, ஆகவே சந்தேகமே இல்லை என்கிறீர்கள். ஜெல் காட்டுவது எடையில் கலப்படம் உண்டா என்பதை மட்டும்தான், அதுவும் சாயத்தில் தெரியும் அளவுக்கு இருந்தால். படிகத்துக்கு அவ்வளவு தேவையில்லை. எங்கள் லேபில் ஒரு மாணவர் 1.8 ஆங்ஸ்ட்ராம் தரவை வைத்துக்கொண்டு நான்கு மாதம் மாலிக்யூலர் ரீப்ளேஸ்மென்ட் (தெரிந்த புரத அமைப்பு ஒன்றைத் தரவோடு பொருத்துவது) செய்து பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் யூனிட் செல்லை, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் பெட்டியின் அளவை, பார்த்தால் 79, 79, 38 ஆங்ஸ்ட்ராம். கோழிமுட்டை லைசோசைமின் செல் அது, இந்தத் துறையில் பாதிப் பேருக்கு மனப்பாடம். உடைக்கப் போட்டதே படிகமாகி உட்கார்ந்திருந்தது! ஈ.கோலையின் சொந்தப் புரதங்களிலும் சில, சுத்திகரிக்கும்போது நிக்கலில் ஒட்டிக்கொண்டு வந்து இதே வேலையைச் செய்யும். அதனால் அடுத்த படம் எடுத்ததும் முதல் வேலையாக இண்டெக்ஸ் செய்து (புள்ளிகளிலிருந்து யூனிட் செல்லைக் கணக்கிட்டு), கிடைக்கும் அளவைப் புரதத் தரவு வங்கியில் தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

உறையாத படிகத்தைப் பார்த்தீர்களா?

கைடும் நீங்களும் தீர்ப்புச் சொன்னது ஒரே ஒரு படத்தை வைத்து, அதுவும் உறைந்த பிறகு எடுத்ததை வைத்து. படிகம் சொட்டுக்குள் எப்படி இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. 7 ஆங்ஸ்ட்ராம் என்பது படிகத்தின் குணமா, நாம் அதைக் கையாண்ட விதமா என்பது இப்போதைக்குத் தெரியாது.

1934-ல் கேம்பிரிட்ஜில் படிகவியலாளர் பெர்னாலுக்கு வந்த பெப்சின் படிகங்களும் காய்ந்த பிறகு உருப்படியாக எதையும் காட்டவில்லை. படிகம் வளர்ந்த தாய்க்கரைசலோடு சேர்த்து மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்து எடுத்தபோதுதான் புள்ளிகள் தெரிந்தன. புரதப் படிகத்தில் ஏறக்குறைய பாதி வெறும் கரைசல். அந்தப் பாதியைக் கெடுத்தால் மீதிப் பாதி தானாகவே கலைந்துவிடும்.

அதையே செய்யுங்கள். ஒரு தகட்டை லூப்பில் (படிகத்தை அள்ளும் சின்ன வளையம்) எடுத்து, முனையில் கொஞ்சம் ரிசர்வாயர் கரைசல் (குழியில் சொட்டுக்குப் பக்கத்தில் இருப்பது) வைத்த பிளாஸ்டிக் உறைக்குழாயால் மூடி, குளிர்வாயு இல்லாமல் அறை வெப்பத்திலேயே படம் எடுங்கள். உறைக்குழாய் இல்லையென்றால் கண்ணாடிக் கேப்பிலரியும் மெழுகும் போதும். குழியைத் திறந்த உடனே சொட்டின் மேல் ஒரு மைக்ரோலிட்டர் ரிசர்வாயரை விடுங்கள். ஏ.சி. காற்றில் பெக் சொட்டு ஒரு நிமிடத்தில் தோல் கட்டிவிடும், படிகம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு படத்தோடு நிறுத்தாதீர்கள். 90 டிகிரி திருப்பி இன்னொன்று எடுங்கள். தகடுகள் ஒரு திசையில் நன்றாகவும் இன்னொரு திசையில் மோசமாகவும் சிதறடிப்பது சகஜம். தகட்டின் மேல் தகடு ஒட்டியிருந்தால் புள்ளிகள் இழுபடும். இதெல்லாம் ஒற்றைப் படத்தில் தெரியாது. அறை வெப்பத்தில் கதிர்வீச்சுச் சேதம் சீக்கிரம் வரும். ஆனால் துறைக் கருவியின் ஒளிக்கு நாலைந்து படங்கள் தாங்கும்.

அறை வெப்பத்தில் 3 அல்லது 4 ஆங்ஸ்ட்ராம் வந்தால் குற்றவாளி உறையவைத்த முறைதான். அங்கேயும் 7 என்றால் இரண்டு சாத்தியம்: படிகத்துக்குள்ளேயே ஒழுங்கு குறைவு, அல்லது 10 மைக்ரான் தகட்டுக்கு உங்கள் கருவியின் ஒளி போதவில்லை.

கிளிசரால் கணக்கில் ஒரு பிசகு

உங்கள் குறிப்பேட்டுப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. "ரிசர்வாயர் 800 மைக்ரோலிட்டர் + கிளிசரால் 200" என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான லேப்களில் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். நானும் முதல் இரண்டு வருடம் இப்படித்தான் செய்தேன். ஆனால் கணக்கைப் பாருங்கள்: பெக் 25% இருந்தது, 20% ஆகிவிட்டது. அசிடேட் 0.2 இருந்தது 0.16 ஆகிவிட்டது. படிகத்தைக் கட்டிக் காப்பதே அந்தப் பெக்தான். அதில் ஐந்தில் ஒரு பங்கைப் பிடுங்கிவிட்டு, கூடவே கிளிசராலையும் ஒரே முக்கில் ஏற்றியிருக்கிறீர்கள். அது எப்படித் தாங்கும்?

கிளிசரால் பிடிக்க வேண்டியது தண்ணீரின் இடத்தை. மற்றவை எல்லாம் அதே செறிவில் இருக்க வேண்டும். சொட்டில் உங்கள் புரத பஃபரின் உப்பும் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். சமபங்கு கலந்த சொட்டு பாதியாகச் சுருங்கும்போது, 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு ஏறக்குறைய அதே அளவுக்குத் திரும்பிவிடும். அதையும் சேர்த்தால், ஒரு மில்லிலிட்டருக்கு இப்படி வரும்:

- 50% பெக் 3350: 500 மைக்ரோலிட்டர்
- 1 மோலார் பிஸ்-டிரிஸ், பி.ஹெச். 6.5: 100
- 5 மோலார் அம்மோனியம் அசிடேட்: 40
- 5 மோலார் சோடியம் குளோரைடு: 30
- 80% கிளிசரால்: 250
- தண்ணீர்: 80

80% கிளிசரால் என்று சொல்வதற்குக் காரணம், சுத்தக் கிளிசராலை பிப்பெட்டில் சரியாக அளப்பது கஷ்டம். பாதி டிப்பிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இதே கரைசலை 5%, 10%, 15% கிளிசராலோடும் செய்துகொண்டு படிப்படியாக மாற்றுங்கள். மாற்றும்போது நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். தகட்டில் கீறல் விழுந்தாலோ ஓரம் மங்கினாலோ அந்தக் கரைசல் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். எத்திலீன் கிளைகால், பெக் 400 இரண்டையும் அடுத்துப் பாருங்கள். உங்கள் கரைசலில் ஏற்கெனவே 25% பெக் இருப்பதால், பெக் 3350-ஐயே 35% ஆக்கி, வேறெதுவும் சேர்க்காமல் முயலலாம். எனக்குப் பிடித்த வழி அதுதான், படிகத்துக்குப் பழகிய பொருள் என்பதால்.

பனி வளையம் வேறு கதை

பனிதான் படிகத்தைக் கெடுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 20% பெக்கும் 20% கிளிசராலும் சேர்ந்த கரைசல் சாதாரணமாகக் கண்ணாடி போலத் தெளிவாக உறையும். உங்கள் படத்தில் 3.9, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராமில் வளையங்கள் இருக்கின்றன, அது பனிதான், சரி. ஆனால் அவை பொட்டுப் பொட்டாக, சொரசொரப்பாக இருக்கின்றன. வெளியிலிருந்து வந்து ஒட்டிய உறைபனி இப்படித்தான் தெரியும். நீங்கள் படம் எடுத்தது நவம்பர் மாதம், சென்னையில். திறந்த பாத்திரத்தில் திரவ நைட்ரஜனை அரை மணி நேரம் வைத்தால் காற்றின் ஈரமெல்லாம் உறைந்து வெள்ளைத் தூளாக மிதக்கும். லூப் அதைத் துழாவிக்கொண்டுதான் வெளியே வரும்.

பாத்திரத்தை மூடி வையுங்கள், தூள் தெரிந்தால் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். படிகம் இல்லாத வெறும் கரைசலை லூப்பில் எடுத்து உறையவைத்து முதலில் சோதியுங்கள். தெளிவாக இருந்தால் கரைசல் நல்லது, வெள்ளையானால் கிளிசரால் போதவில்லை. லூப் படிகத்தின் அளவுக்கு ஒட்டினாற்போல் இருக்கட்டும். சுற்றிலும் கரைசல் அதிகமானால் உறைவது தாமதமாகும்.

இரண்டாம் பேட்ச்சில் ஏன் வரவில்லை

எல்லாம் அதேதான் செய்தேன் என்கிறீர்கள். கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது மூன்று வித்தியாசம் கண்ணில் பட்டது. அக்கா ஸ்கிரீன் கிட்டின் கரைசலை எடுத்தார், நீங்கள் பெக்கையும் பஃபரையும் நீங்களே கலந்தீர்கள். அக்கா புதிதாகச் சுத்திகரித்ததை அன்றே போட்டார், நீங்கள் உறையவைத்ததை இரண்டு தடவை உருக்கியிருக்கிறீர்கள். அக்கா ட்ரேயைக் குளிர்பதன அலமாரியில் 20 டிகிரியில் வைத்தார். உங்களுடையது அறை மேஜையில், சனி ஞாயிறு ஏ.சி. அணைக்கப்படும் அறையில்.

மூன்றில் எது காரணம் என்று ஊகிக்க வேண்டாம். கிட்டின் அந்தக் குழியில் மிச்சம் இருக்கும் கரைசலையும் உங்கள் கரைசலையும் அடுத்தடுத்து வைத்து ஒரே புரதத்தோடு போடுங்கள். கிட்டில் வந்து, உங்களுடையதில் வராவிட்டால் பி.ஹெச்.சையும் பெக் பாட்டிலின் வயதையும் பாருங்கள். பழைய பெக்கில் பெராக்சைடு சேரும், பி.ஹெச். இறங்கும். புரதத்தை இனிமேல் 50 மைக்ரோலிட்டர் சின்னக் குழாய்களில் பிரித்து, நைட்ரஜனில் சட்டென்று உறையவைத்து, ஒரு குழாயை ஒரு தடவைக்கு மேல் உருக்காதீர்கள். ட்ரேக்கு அலமாரியில் இடமில்லையென்றால் தெர்மாக்கோல் பெட்டியாவது தேடுங்கள். திங்கட்கிழமை காலை மூடியில் நீர் முத்து நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது வாரக் கடைசி வெப்ப ஏற்ற இறக்கத்தின் தடயம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: விதை, அதாவது பழைய படிகத்தின் நொறுங்கலைப் புதுச் சொட்டில் போட்டு வளரவைப்பது. மிச்சமிருக்கும் ஐந்து தகடுகளில் மோசமான ஒன்றை, ஓரத்தில் கிடக்கும் நொறுங்கலோடு சேர்த்து, 50 மைக்ரோலிட்டர் ரிசர்வாயரில் போட்டு, சின்னக் கண்ணாடி மணியோடு வோர்டெக்ஸ் செய்து, பனிக்கட்டியில் வைத்து வைத்து நொறுக்குங்கள். பத்துப் பதினைந்து பங்காகப் பிரித்து மைனஸ் 80-ல் வையுங்கள். பிறகு அதே 384 கரைசல்களையும், புரதம் 0.3, ரிசர்வாயர் 0.2, விதை 0.1 மைக்ரோலிட்டர் என்று திரும்பப் போடுங்கள். 2004-லிருந்து புழக்கத்தில் இருக்கும் முறை இது. விதை இல்லாமல் ஒரு குழியில் வந்தது, விதையோடு பல குழிகளில் வரலாம். அதில் தகடாக இல்லாமல் கனமான படிகம் ஒன்று கிடைத்தால், இப்போது நாம் பேசிக்கொண்டிருக்கும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆகவே ஐந்து தகடுகளின் செலவுக் கணக்கு: ஒன்று விதைக்கு, இரண்டு அறை வெப்பப் படத்துக்கு, இரண்டு கையிருப்பு. எதையும் ஜெல்லில் ஓட்டிச் செலவழிக்காதீர்கள். நிறைய வந்த பிறகு அதைச் செய்யலாம்.

சிங்க்ரோட்ரான், பெரிய படிகம்

இந்தூரில் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானில் புரதப் படிகங்களுக்கென்றே பி.எக்ஸ்.-பி.எல்.21 என்ற பீம்லைன் (எக்ஸ்ரே ஒளி வரும் ஆய்வுத்தடம்) இருக்கிறது. பிரான்சில் கிரெனோபிளில் உள்ள சிங்க்ரோட்ரானுக்கும் இந்திய ஆய்வுக் குழுக்கள் போகின்றன. வலுவான ஒளி, மெல்லிய படிகத்தின் பலவீனமான புள்ளிகளைத் தெரியவைக்கும். படிகத்துக்குள் இல்லாத ஒழுங்கை உண்டாக்காது. அறை வெப்பப் படத்தைப் பார்க்காமல் அனுப்பினால், சேதமான படிகத்தின் பிரகாசமான படம்தான் திரும்பி வரும். பெரிய படிகம் வேண்டும் என்ற ஆசையும் பாதிதான் சரி. பெரியது மெதுவாக உறையும், உறையவைக்கும்போது அதிகம் கஷ்டப்படும். உங்களுக்கு வேண்டியது அகலம் அல்ல, தடிமன்.

கைடிடம் என்ன கேட்பது

கைடு முழுக்கத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் அனுப்பிய ஆல்ஃபாஃபோல்ட் (புரத அமைப்பைக் கணிக்கும் மென்பொருள்) மாதிரியில் முதல் 18 அமினோ அமிலங்கள் நம்பிக்கை மதிப்பு குறைந்து, நூல் போல ஆடுகின்றன. அவற்றின் முன்னால், நிக்கலில் பிடித்துச் சுத்திகரிப்பதற்காகச் சேர்த்த ஹிஸ்டிடின் வால் வேறு. அதை வெட்டிவிட்டு ஒரு புது கன்ஸ்ட்ரக்ட் (அதே புரதத்தின் மாற்றிய வடிவம்) செய்வது நியாயமான யோசனை, விதை வேலை நடக்கும்போதே க்ளோனிங்கையும் தொடங்கிவிடலாம். ஆனால் கன்ஸ்ட்ரக்டை மாற்றுவது வேறு, புரதத்தையே மாற்றுவது வேறு. அவர் சொன்னது எது என்று தெளிவாகக் கேளுங்கள். கோபத்தில் சொன்னதை மாணவர்கள் உத்தரவாக எடுத்துக்கொள்வதுண்டு.

உங்களுக்கு ஃபெலோஷிப் ஜே.ஆர்.எஃப்., எஸ்.ஆர்.எஃப். சேர்த்து ஐந்து வருடம். மிச்சம் இருபத்தோரு மாதம். இப்போது புதிய புரதம் எடுத்தால் க்ளோனிங்கிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் படிகமாகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆகவே ஆறு வாரம் கேளுங்கள்: முதல் வாரம் விதையும் அறை வெப்பப் படமும், அடுத்த மூன்று வாரம் விதை ஸ்கிரீன், கடைசி இரண்டு வாரம் உறையவைக்கும் சோதனை. எந்த முடிவு வந்தால் கைவிடுவீர்கள் என்பதையும் சேர்த்து மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். வாயால் கேட்டதைவிட எழுதிக் கேட்டதற்கு மதிப்பு அதிகம், டாக்டோரல் கமிட்டி முன்னால் நிற்கும்போதும் உதவும். ஆறு வாரத்தில் ஒன்றும் நகரவில்லையென்றால் கைடு சொன்ன வழிக்குப் போங்கள், எனக்கும் மறுப்பில்லை. இந்த நொதியின் வினைவேக அளவீடுகள் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன. ஆய்வேட்டுக்குப் படிகம் ஒன்றே கதி என்பதும் இல்லை.

இன்னொன்றையும் இப்போதே பேசிவிடுங்கள். க்ளோன் அக்காவுடையது, முதல் படிகமும் அவருடையது. கட்டுரை வந்தால் அவர் பெயர் இருக்க வேண்டும். யார் பெயர் முன்னால் என்பதை முடிவு வந்த பிறகு பேசுவதைவிட, ஒன்றும் இல்லாத இந்த நேரத்தில் பேசுவது எளிது.

நைட்ரஜன் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்குத்தான் பகீரென்றது. ஞாயிறு மாலை, தனியாக, கதவை மூடிய கோல்டு ரூமில் திரவ நைட்ரஜன் ஊற்றுகிறீர்கள். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும். காற்றோட்டமில்லாத சின்ன அறையில் அது ஆக்சிஜனைத் தள்ளிவிடும். மூச்சு முட்டாது, தலைசுற்றுகூடத் தோன்றாமல் போகலாம், அப்படியே மயங்கி விழுவீர்கள். இனி அந்த அறையில் வேண்டாம். கதவு திறந்த லேபில், இன்னொருவர் இருக்கும்போது, முகக்கவசத்தோடு செய்யுங்கள். மூடி இறுகிய குழாயை நைட்ரஜனுக்குள் போட்டு எடுத்தால் சூடேறும்போது வெடிக்கலாம், கண்ணுக்கு ஆபத்து. படிகம் போனால் வளர்த்துக்கொள்ளலாம்.

அறை வெப்பப் படம் எடுத்ததும் எனக்கு அனுப்புங்கள். இந்தத் தடவை டிடெக்டர் எவ்வளவு தூரத்தில் இருந்தது, எத்தனை டிகிரி திருப்பினீர்கள், எவ்வளவு நேரம் எடுத்தீர்கள் மூன்றையும் படத்தின் கூடவே எழுதுங்கள். போன படத்தில் அவை இல்லாததால் 3.67 வளையத்தை வைத்துக்கொண்டு நானே தூரத்தைக் கணக்குப் போட வேண்டியிருந்தது.